கொஸ்தாமாக்ரா மேல் நான்கு வரிசை

என் பெயர் எவாசியோ திராவெர்சா. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற பத்தீஸ்தா திராவெர்சா. வயது எழுபத்தேழு. ரோக்கமாரா கிராமத்தில் கோயிலுக்குப் பின்புறமுள்ள சந்தில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். தொழில் திராட்சை விவசாயம். மனைவி ஒனொரீனா இந்த 1971ஆம் வருடம் மார்ச் மாதம் காலமானார். பிள்ளைகள் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நிலைய அதிகாரி எழுதுகிறார். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. குடிக்க ஒயின் வேண்டுமா என்று கேட்டார்கள், தண்ணீர் போதும் என்றேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவன் தெல்மோ ராபினோ. அறுபத்தெட்டு வயது. என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. நான் திருட்டுத்தனமாக அவன் நிலவறைக்குள் புகுந்ததாகவும், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அவனை அடித்ததாகவும், அவனுடைய பெரிய மரத்தொட்டி ஒயினை வேண்டுமென்றே தரையில் விட்டதாகவும் மேற்படி புகாரில் சொல்லியிருக்கிறானாம். மூன்றில் இரண்டு பொய். எது பொய், எது நிஜம் என்று முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

கொஸ்தாமாக்ரா என்பது எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள சரிவு. முழுச் சரிவும் ராபினோ வீட்டாருடையது, உச்சியில் உள்ள நான்கு திராட்சை வரிசைகள் தவிர. அந்த நான்கும் என்னுடையவை. ஒனொரீனாவை எனக்குக் கட்டிக்கொடுத்தபோது அவள் தகப்பனார் சீதனமாகக் கொடுத்தது. மனமுவந்து கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். என் தகப்பன் கல்லுடைத்தவன். திருமண விருந்தில் மாமனார் முப்பத்தொன்றாம் வருடத்து பரோலோ ஒயினில் ஒரே ஒரு புட்டியைத் திறந்து எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றினார். எனக்கு ஊற்றும்போது, “நல்லா ருசி பாத்துக்கோ மாப்பிள்ளை. இது எங்க வீட்டுக் கை. உனக்கு இது வராது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தெல்மோவும் சிரித்தான். ஒனொரீனா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாயின் ருசி எனக்கு இன்றுவரை நாக்கில் இருக்கிறது.

அதன் பிறகு முப்பத்தைந்து வருடங்கள் அந்த நான்கு வரிசையில்தான் என் முதுகு வளைந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வருடமும் ஒயின் வரும். ஆனால் பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடந்து நல்லதாகும் வருடம் எப்போதாவதுதான் வரும். நாற்பத்தேழில் அப்படி வந்தது. அறுவடைக்கு முந்தின வாரம் ஆலங்கட்டி விழுந்தது, உச்சியில் மட்டும் விழுந்தது, என் நான்கு வரிசையும் துடைத்த மாதிரி ஆயிற்று, கீழே தெல்மோவுக்கு ஓர் இலை கிழியவில்லை. ஐம்பத்தெட்டில் வந்தது, அப்போது நான் கால் முறிந்து கட்டிலில் கிடந்தேன், பறிக்க நாளாகிக் குலைகள் அழுகின. அறுபத்தொன்றில் வந்த ஒயினைப் பூஞ்சணம் பிடித்த பீப்பாய் கெடுத்தது. அறுபத்துநாலில் ஒனொரீனாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை, குலைகளை அப்படியே விற்றேன். அதற்கு வருத்தமில்லை. ஆனால் நல்ல வருடம் ஒன்றுகூட என் பீப்பாய்க்குள் போனதில்லை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். சீட்டாடும் இடத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த எழுபத்தொன்று எப்படிப்பட்ட வருடம் என்று அதிகாரி கேட்டார். அவர் கடலோரத்து ஆள், மீன் தின்று வளர்ந்தவர், அதனால் சொல்கிறேன். செப்டம்பர் முழுக்கப் பகல் வெயில், இரவு குளிர். அக்டோபரில் காலை மூடுபனி சரிவின் பாதியோடு நின்றது, உச்சிக்கு ஏறவேயில்லை. குலைகள் சின்னவை, தோல் தடிப்பு. ஒரு பழத்தைக் கடித்தால் விதை வறுத்த கொட்டை மாதிரி முறிந்தது. நான் எழுபத்தேழு வயதில் அந்த விதையைக் கடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் எனக்கு இன்னொரு வருடம் வராது என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை ஆலங்கட்டி இல்லை, கால் முறியவில்லை, பீப்பாய் ஒன்றுதான் பாக்கி.

அதன் பிறகு என் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வளையம் மாற்றி ஆவி பிடிப்பதற்காக ஆல்பா நகரத்தில் பீப்பாய் ஆசாரியிடம் போனேன். இன்னும் சில நாள் குலைகள் வெயிலில் நிற்கட்டும் என்பது என் கணக்கு. ஆசாரிக்கு வேலை அதிகமாக இருந்ததால் இரவு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் திரும்பினேன். வரும் வழியில் சரிவின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே நடந்தேன். நான்கு வரிசையிலும் ஒரு குலை இல்லை. வெறும் இலை.

கீழே தெல்மோவின் பறிகாரப் பெண்கள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஜெம்மா என்பவள். மேல்மலைக் கிராமத்துக்காரி, இந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு முதல் தடவை வந்தவள். அவள் மேல் எனக்குக் குறையில்லை.

“என்ன தாத்தா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றாள்.

“மேல நாலு வரிசையை யார் பறிச்சது?”

“நாங்கதான். நேத்து. கட்டைப் பாத்துப் பறிங்கன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. நுனி மேல நின்னா நம்மது, கீழ செருகியிருந்தா கை வைக்காதீங்கன்னாரு. மேல நின்னுச்சு, பறிச்சோம். ஏன், உங்களுதா?”

கட்டு என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். கவாத்து முடிந்ததும் கொடியைக் கம்பியோடு சேர்த்து வில்லோ மரத்தின் மிலாறால், அதாவது வளையும் இளங்குச்சியால் கட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அது பெண்கள் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு உண்டு. தாய் கட்டுவதைப் பார்த்து மகள் கட்டுவாள், கல்யாணம் ஆகிப் போனால் மாமியார் கட்டைக் கட்டுவாள். ராபினோ வீட்டுக் கட்டு ஒரே முறுக்கு, மிலாறின் நுனி மேலே நிற்கும். எங்கள் வீட்டுக் கட்டு இரண்டு முறுக்கு, நுனியைக் கீழே செருகிவிடுவோம். வெளியூர்ப் பறிகாரர்களுக்கு வேலி கிடையாது, கல் கிடையாது, கட்டுதான் எல்லை. என் நான்கு வரிசையில் இந்த வருடம் நுனி மேலே நின்றது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு நேராகத் தெல்மோ வீட்டு நிலவறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. தெல்மோ பெரிய மரத்தொட்டியின் பக்கத்தில் ஏணி மேல் நின்றிருந்தான். குலைகளை நசுக்கித் தொட்டியில் கொட்டி முடித்திருந்தார்கள். மேலே நுரை கட்ட ஆரம்பித்திருந்தது.

“அடடே, அத்தானா? வாங்க வாங்க. அக்கா செத்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோமே.”

“என் திராட்சை எங்கடா?”

“உங்க திராட்சையா? ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதியிருந்தீங்களா?”

“உச்சி நாலு வரிசை யாருதுன்னு உனக்குத் தெரியாது?”

“நான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் இந்தத் தொட்டியடியில நிக்கிறேன். உச்சியில யாரு எதைப் பறிக்கிறாங்கன்னு பாக்க எனக்கு அவ்வளவு நீளக் கழுத்தில்ல. பொம்பளைங்க கட்டைப் பாத்துப் பறிச்சாங்க. கட்டு எங்க கட்டு.”

பிறகு அவன் ஏணியிலிருந்து இறங்கி, குலைக்கு உண்டான விலையைத் தந்துவிடுவதாகச் சொன்னான். சந்தை விலைக்கு மேலே தருவதாகவும் சொன்னான். அதை மறைக்கவில்லை. பணம் வேண்டாம், டிசம்பரில் ஒயின் வடிக்கும்போது என் பங்கை ஒயினாகக் கொடு என்றேன். “பாக்கலாம்” என்றான். எங்கள் ஊரில் மறுப்பதாக இருந்தால் முகத்துக்கு நேரே மறுப்பார்கள். அதனால் அந்தப் “பாக்கலாம்” என்ற சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆசாரியிடமிருந்து கொண்டுவந்த பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பீப்பாயைக் காயவிட்டால் பலகை விலகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் தெல்மோவிடம் எப்போது வடிக்கிறாய் என்று கேட்பேன். “தேய்பிறை வரட்டும் அத்தான்” என்பான். வளர்பிறையில் எங்கள் பக்கத்தில் யாரும் ஒயினைத் தொட மாட்டார்கள், அது நியாயம்தான். சீட்டாடும் இடத்தில் கொல்லன் பெரீனோ என்னைப் பார்த்து, “எவாசியோ, உன் புதுப் பீப்பாய்ல என்ன கிடக்கு?” என்று கேட்டான். தண்ணீர் என்றேன். “பரவாயில்லையே, அதுவும் எழுபத்தொண்ணு தானே! நல்லா வச்சிரு, விலை ஏறும்” என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. தெல்மோ சீட்டை முகத்துக்கு மறைத்துக்கொண்டு சிரித்தான்.

டிசம்பரில் பௌர்ணமி கழிந்து சில நாளில், தெல்மோ வீட்டு வாசலில் பீப்பாய்கள் கழுவுவதைப் பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, என் பீப்பாயில் இருந்த தண்ணீரைக் கொட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டப்பகல். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். திருட வருகிறவன் பீப்பாய் வண்டியோடு வருவானா என்று அதிகாரி யோசிக்க வேண்டும். வாசலில் தெல்மோவின் மனைவி செலெஸ்தீனா கோழிக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னேன்.

“தெல்மோ இருக்கானாம்மா?”

“கீழதான் இருக்காரு. பெரிய பையன் ஆல்பாவுக்குப் போயிருக்கான். சண்டை மட்டும் வேணாண்ணே, ரெண்டு பேருக்கும் வயசாச்சு” என்றார்.

சண்டைக்கு வரவில்லை, ஒயினுக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தெல்மோ தனியாக இருந்தான். தொட்டியின் அடியில் மரமுளை அடித்த துளை இருந்தது. வடிப்பதற்கான பித்தளைக் குழாயும் கொட்டாப்புளியும் பக்கத்தில் வைக்கோல் மேல் கிடந்தன. குழாயைத் துளையில் வைத்து ஓங்கி அடித்தால் முளை உள்ளே போகும், குழாய் அதன் இடத்தில் உட்காரும். இரண்டு அடியில் உட்கார வேண்டும். என் பீப்பாய் வெளியே நிற்கிறது, என் பங்கை முதலில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன்.

“ஒரு வியாபாரி வந்து பாத்துட்டுப் போயிருக்கான் அத்தான். முழுத் தொட்டியும் வேணும்ங்கிறான். பிரிச்சா வேணாம்ங்கிறான். காசு வாங்கிக்கோங்க, கௌரவமா இருக்கும்.”

“பாக்கலாம்னு சொன்னியே.”

“பாத்துட்டேன். முடியாது.”

“எனக்கு வயசு எழுபத்தேழுடா.”

“அதான் சொல்றேன். இந்த ஒயின் வாயில வைக்கிற மாதிரி ஆக இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும். நீங்க அதுக்குள்ள எங்க இருப்பீங்க? யாருக்கு வச்சிட்டுப் போகப் போறீங்க?”

அதன் பிறகு நான் குனிந்து குழாயையும் கொட்டாப்புளியையும் எடுத்தேன், குழாயைத் துளையில் வைத்து ஓர் அடி அடித்தேன், சரியாகவே விழுந்தது, இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது தெல்மோ பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தான், அடி கோணலாக விழுந்து முளை உள்ளே போயிற்று, குழாய் உட்காராமல் தெறித்து விழுந்தது, கொட்டாப்புளி கையை விட்டுப் போயிற்று. கொட்டாப்புளியால் அவனை நான் அடிக்கவில்லை. அது பிறகு வடிகால் வாயில் மிதந்து கிடந்ததைக் கொல்லன் பெரீனோ எடுத்தான், அவனைக் கேட்கலாம்.

துளையிலிருந்து ஒயின் என் வயிற்றில் அடித்தது. நான் வலது உள்ளங்கையைத் துளை மேல் வைத்து அழுத்தினேன். ஒரு கை போதவில்லை. விரலிடுக்கில் பீய்ச்சியது. தெல்மோ “ஐயோ, ஐயோ” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, தன் இடது கையை என் கை மேல் வைத்து அழுத்தினான். இரண்டு கைக்கும் நின்றது. முழுக்க நிற்கவில்லை, மெல்லிய இழையாக மேலே தெறித்து எங்கள் இருவர் முகத்திலும் விழுந்தது. நாங்கள் இருவரும் மண்டியிட்டு, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருந்தோம். அவன் அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கியபோதுகூட அவன் முன்னால் நின்றான், நான் பின்னால் நின்றேன்.

எனக்கு மூச்சு வாங்கியதால் வாய் திறந்திருந்தது. ஒயின் வாய்க்குள் வந்தது. புது ஒயின், கரடுமுரடாகத்தான் இருந்தது, பல் கூசியது, நாக்கை இழுத்துப் பிடித்தது. ஆனால் அதற்கு அடியில் அது இருந்தது. என் திருமண விருந்தில் ஒரு வாய் குடித்தேன் என்றேனே, அது. நான் விழுங்கவில்லை. தெல்மோவும் உதட்டை நக்கினான். மேலே கோழிகள் கத்துவது கேட்டது.

“முப்பத்தொண்ணு” என்றான் தெல்மோ.

“அதுக்கு மேல” என்றேன்.

“ஆமா. அதுக்கு மேல.”

முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு அவன், “அத்தான், குழாயைக் காலால இப்படித் தள்ளுங்க” என்றான். குழாய் என் முழங்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. நான் காலை நீட்டி அவன் பக்கம் தள்ளினேன். அவன் தன் வலது கையால் அதை எடுத்தான். அவன் தன் இடது கையைத் துளையிலிருந்து விலக்காமல் குழாயைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தான். அவன் அந்தக் குழாயைப் பொருத்தியிருந்தால் இந்தப் புகார் இல்லை, இந்த வாக்குமூலம் இல்லை. அவன் பேசினான்.

“பாத்தீங்களா அத்தான். முப்பத்தஞ்சு வருஷம் அக்கா உங்க வீட்டுக் கட்டு கட்டினா. ஒரு நல்ல ஒயின் வந்துச்சா? கடைசியா ஒரே ஒரு தடவை எங்க கட்டைக் கட்டினா. வந்துச்சு பாருங்க.”

நான் வாயை மூடு என்றேன்.

“உங்கம்மா கத்தியை வச்சு அறுத்துப் போட்ட கட்டு. அவ அழுதுட்டு ராத்திரி எங்க வீட்டுக்கு ஓடி வந்தாளே, அப்பா திருப்பி அனுப்பினாரே, அதே கட்டு. தான் யாருன்னு கடைசியில அவ கைக்குத் தெரிஞ்சிருக்கு. அவளே எங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டா. நீங்க எதைக் கேட்டு வண்டி கட்டிட்டு வந்தீங்க?”

அவன் சொன்னதில் கத்தி விஷயம் நிஜம். கல்யாணமான முதல் பிப்ரவரியில் ஒனொரீனா ஒரு வரிசை முழுக்கத் தன் தாய்வீட்டுக் கட்டைக் கட்டிவிட்டாள். என் தாயார் கத்தியை எடுத்துவந்து முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடிவரை அறுத்துப் போட்டு, “இது ராபினோ தோட்டமில்லை” என்று சொல்லி மறுபடி கட்டச் சொன்னார். பனிக் காலம், அவள் விரல்கள் வெடித்திருந்தன. அன்றிலிருந்து அவள் எங்கள் கட்டைத்தான் கட்டினாள்.

அதன் பிறகு துளையிலிருந்து கை விலகியது. தெல்மோவின் கை என் கை மேல்தான் இருந்தது, துளை மேல் இல்லை. ஒயின் எங்கள் இருவர் மார்பிலும் அடித்தது. அந்த நேரத்தில்கூட அவன் வலது கையில் குழாய் இருந்தது, இடது உள்ளங்கையும் சும்மா இருந்தது. அவன் அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. குழாயை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்தான். நானும் அவன் சட்டையைப் பிடித்தேன். இருவரும் விழுந்து புரண்டோம். அப்போதுதான் என் விலா எலும்பு போயிற்று, அவன் மணிக்கட்டும் அப்போதுதான் முறிந்தது. தொட்டிக்குள்ளே துளை முன்னால் சக்கை அடைக்காமலிருக்க விறகுக் கட்டு வைத்திருந்ததால், ஒயின் தங்குதடையின்றி வந்தது. நாங்கள் எழுந்திருக்கும்போது கணுக்கால் அளவு நின்றது, பிறகு வடிகால் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. கடைசியில் தொட்டிக்குள்ளே சக்கை மொத்தமாகக் கீழே உட்காரும் சத்தம் கேட்டது. தெல்மோ அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னை விட்டான். ஏணிப் படியில் உட்கார்ந்தான்.

செலெஸ்தீனா மேலே நின்று அலறினார். தெருவில் ஆட்கள் குடம், வாளி, சமையல் சட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடிவந்ததாகப் பிறகு அறிந்தேன். பாதிரியார் வீட்டு வேலைக்காரி துணியை நனைத்துப் பிழிந்ததாகச் சொல்கிறார்கள். நான் வெளியே வந்தபோது கொல்லன் பெரீனோ தெருவில் மண்டியிட்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். அவன் மீசை சிவந்திருந்தது. அன்று அவன் எந்த வேடிக்கையும் பேசவில்லை. என் பீப்பாய் வண்டியில் அப்படியே இருந்தது. காலியாகத்தான் வீட்டுக்குத் திரும்பியது.

கேட்டதற்குச் சொல்கிறேன். நான் அன்று குடித்திருக்கவில்லை. தெல்மோ வீட்டில் வேறு எதையும் தொடவில்லை. அந்தத் தொட்டியில் என் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் தெருவில் போயிற்று.

நான்கு வரிசையிலும் கட்டு மாறியிருந்தது உமக்கு முன்பே தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்கு, தெரியும் என்றேன். போன கிறிஸ்துமஸ் கழிந்து ஒனொரீனாவுக்குத் தலையில் ரத்தம் அடைத்தது. நடக்க முடிந்தது, கை வேலை செய்தது, நினைவு மட்டும் சரியில்லை. என்னைச் சில நாள் அப்பா என்று கூப்பிட்டாள். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, “நாம எப்போப்பா வீட்டுக்குப் போறோம்?” என்று கேட்பாள். நாளைக்குப் போகலாம் என்பேன். பிப்ரவரி கடைசியில், நான் கவாத்து முடித்த பிறகு, அவளே மிலாறுக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கொஸ்தாமாக்ராவுக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். முதல் கொடியிலேயே நுனி மேலே நின்றது. பார்த்தேன். அவள் நான்கு வரிசையும் கட்டி முடித்தாள். ஒரு கட்டுகூடத் தளரவில்லை. கட்டும்போது பாடினாள். முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் வரிசையில் அவள் பாடி நான் கேட்டதில்லை. மார்ச் மாதம் புனித சூசையப்பர் திருநாள் கழிந்து இறந்துபோனாள்.

“அப்புறமாவது நீர் மாத்திக் கட்டியிருக்கலாமே. அப்படிச் செஞ்சிருந்தா உம்ம திராட்சை உம்மகிட்டயே இருந்திருக்குமே?” என்று அதிகாரி கேட்டார்.

அவர் மீன்பிடிக்கிற ஊர்க்காரர், நல்ல மனிதர், கேட்கத்தான் செய்வார். அந்தக் கட்டை எங்கள் வீட்டில் ஒரு தடவை அறுத்தாயிற்று. இரண்டாம் தடவை அறுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. வேறு பதில் கிடையாது.

தெல்மோ சொல்கிற மாதிரி அவள் அந்த வரிசைகளைத் திருப்பிக் கொடுத்தாளா, அல்லது அவள் கைக்கு நினைவு தப்பியதா என்று எனக்குத் தெரியாது. தெல்மோவுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினான், அதுதான் நடந்தது.

ஒரு வேண்டுகோள். இது கவாத்துக் காலம். கொடியைக் கழித்தால் போன வருடக் கட்டை அறுத்தே ஆக வேண்டும். நான் இன்னும் அந்த நான்கு வரிசையில் கத்தி வைக்கவில்லை. வழக்கு முடியும்வரை ராபினோ வீட்டாரும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும். அப்படி உத்தரவு போடத் தனக்கு அதிகாரமில்லை என்றும், கவாத்து செய்யாவிட்டால் கொடி கெட்டுப்போகுமே என்றும் அதிகாரி சொன்னார். கெட்டுப்போகட்டும் என்றேன். எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு முழுக்க வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, ஓர் இடம் தவிர. “துளையிலிருந்து கை விலகியது” என்று எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஈரத்தில் வழுக்கி விலகியது என்றால் அது விபத்து, வழக்கு நிற்காது, வயதையும் பார்த்து விட்டுவிடுவார்கள் என்று அவர் விளக்கிச் சொன்னார். எனக்கு நல்லது நினைத்தே செய்திருக்கிறார், அதனால் அவர் மேல் புகார் இல்லை. ஆனால் திராவெர்சாவின் கை வழுக்கித்தான் எழுபத்தொன்று போயிற்று என்று காகிதத்தில் இருந்தால், ராபினோ வீட்டார் அதை வைத்து மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள். என் கை வழுக்கவில்லை. என் கை அந்தத் துளையை நன்றாகவே அடைத்திருந்தது. நான்தான் கையை எடுத்தேன். வேண்டுமென்றே எடுத்தேன். என்ன போகிறது என்று ருசி பார்த்த பிறகு எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொன்னேன். எழுதினார், மறுபடி வாசித்தார், சரியாக இருக்கிறது.

இது என் வாயால் சொன்னது, இதில் சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. எழுதத் தெரியாத காரணத்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கீழே சிலுவைக் குறி இட்டிருக்கிறேன். குறி வலது கையால் இட்டது.

+

எவாசியோ திராவெர்சாவின் குறி
ரோக்கமாரா காவல் நிலையம், டிசம்பர் 1971